தனக்குன்னு ஒரு தரம் வச்சு ஆயுசு முழுக்க காப்பாத்துறது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த விஷயத்தைப் பத்தி பேச்சு வரும்போதெல்லாம் கிட்டத்தட்ட இதே கேள்விங்கதான் வருது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுடலாம்னு உக்காந்தேன். நான் இருபது வருஷத்துக்கு மேல மெய்ப்பு பாக்குற வேலையில இருக்கேன், அதான் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பிழை திருத்துறது, அதனால உதாரணம் நிறைய அங்கேர்ந்துதான் வரும். உங்க வேலை வேறயா இருந்தா அதுக்கு ஏத்த மாதிரி மாத்தி படிச்சுக்கோங்க.

"ஹை ஸ்டாண்டர்ட்"னா என்ன? பெரிய பெரிய குறிக்கோள் வச்சுக்கிறதா?

ரெண்டும் வேற வேற. குறிக்கோள் ஒரு நாள் முடிஞ்சு போயிடும், பரிட்சை பாஸ் பண்ணியாச்சு, வீடு கட்டியாச்சு, அவ்ளோதான். தரம் முடியவே முடியாது, நாளைக்கும் இருக்கும், அதுக்கு மறுநாளும் இருக்கும். என் மனசுல அதுக்கு ஒரு விளக்கம் இருக்கு: ரொம்ப மோசமான நாள்ல, உடம்பு சரியில்லாதப்ப, யாருமே பாக்கப் போறதில்லைன்னு தெரிஞ்சப்ப கூட நீங்க எதுக்குக் கீழ இறங்க மாட்டீங்களோ அதுதான் உங்க தரம். நல்ல நாள்ல எல்லாரும் நல்லாதான் வேலை செய்வாங்க, அதை வச்சு ஒருத்தரை அளக்க முடியாது.

என் வேலையில இதைச் சொல்லணும்னா, ஒரு புக்ல ஒரு பிழை கூட விடமாட்டேன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது, மனுஷக் கண்ணு அப்டி. ஆனா நான் படிக்காத பக்கத்துல என் கையெழுத்து இருக்காதுன்னு சொல்ல முடியும். முதல்ல சொன்னது ஆசை, ரெண்டாவது சொன்னதைத்தான் நான் தரம்ங்கறேன்.

அப்போ இது பெர்ஃபெக்ஷனிசம் தானே? அது கெடுதல்னு சொல்றாங்களே?

ஒண்ணு மாதிரி தெரியும், ஒண்ணு இல்ல. 1991ல பால் ஹியூவிட், கோர்டன் ஃபிளெட்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் பெர்ஃபெக்ஷனிசத்தை மூணா பிரிச்சு எழுதினாங்க. நம்மகிட்டயே நாம குறையில்லாம இருக்கணும்னு எதிர்பாக்குறது ஒண்ணு, மத்தவங்க குறையில்லாம இருக்கணும்னு எதிர்பாக்குறது இன்னொண்ணு, ஊர் உலகம் நம்மகிட்ட குறையே இல்லாததை எதிர்பாக்குதுன்னு நம்பிக்கிட்டு அதுக்குப் பயந்து ஓடுறது மூணாவது. அந்த மூணாவதுதான் மனச்சோர்வோடயும் பதட்டத்தோடயும் ரொம்ப ஒட்டி வருதுன்னு பின்னாடி வந்த ஆய்வுகள்லயும் திரும்பத் திரும்ப தெரியுது.

நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்கன்னு கண்டுபிடிக்க நான் பாக்குறது ஒரே ஒரு விஷயம்தான். ஒரு தப்பு பண்ணிட்டீங்க, அடுத்த அரை மணி நேரத்துல வேலை பக்கம் போறீங்களா, வேலையை விட்டு ஓடுறீங்களா? தரம் உள்ளவங்களுக்கு தப்பைப் பாத்தா கை பரபரங்கும், சரி பண்ணணும்னு தோணும். பயத்துல வாழறவங்களுக்கு அந்த ஃபைலைத் திறக்கவே மனசு வராது, மெயிலுக்கு பதில் போடாம நாளைக் கடத்துவாங்க, கடைசில வேலையே நின்னு போயிடும். நான் ரெண்டு பக்கமும் இருந்திருக்கேன், ரெண்டாவது பக்கத்துல இருந்த வருஷங்கள்ல என் வேலை நல்லா இல்ல, வேகமா இல்ல, நானும் நல்லா இல்ல.

எத்தனை விஷயத்துல தரம் வச்சுக்கலாம்? எல்லாத்துலயும் பெஸ்ட்டா இருக்கணும்னு நினைக்கிறேன்.

வேணாம். அமெரிக்காவை உருவாக்கின தலைவர்கள்ல ஒருத்தரான பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் இளம் வயசுல 13 குணங்களை லிஸ்ட் போட்டு, ஒரு சின்ன நோட்டுல கட்டம் கட்டமா கோடு போட்டு, தவறின நாள்ல ஒரு கறுப்புப் புள்ளி வச்சுக்கிட்டே வந்தாரு. இதுல எல்லாரும் கவனிக்காம விடுற விஷயம் என்னன்னா 13ஐயும் ஒரே நேரத்துல அவர் பிடிக்கல, வாரத்துக்கு ஒண்ணுல மட்டும் முழு கவனம், மத்ததெல்லாம் வழக்கம் போல போகும், புள்ளி மட்டும் வைப்பாரு. 13 வாரத்துல ஒரு சுத்து, வருஷத்துக்கு நாலு சுத்து. அப்படியும் சாமான்களை அதோட எடத்துல வைக்கிற ஒழுங்கு மட்டும் அவருக்கு கடைசி வரைக்கும் சரியா வரவே இல்லன்னு அவரே தன் வாழ்க்கை வரலாறுல எழுதி வச்சிருக்காரு. நினைச்ச முழுமையை எட்டல, ஆனா முயற்சி பண்ணாம இருந்திருந்தா இருந்திருக்கிறதை விட நல்ல மனுஷனாவும் சந்தோஷமாவும் ஆனேன்னும் எழுதினாரு.

அவ்ளோ கெட்டிக்காரருக்கே அந்த நிலைமைன்னா நமக்கு மூணு போதும். நான் சொல்றது, வேலையில ஒண்ணு, மனுஷங்ககிட்ட ஒண்ணு, உடம்புக்கு ஒண்ணு. மிச்சத்துல "பரவாயில்ல" ரகமா இருந்துட்டுப் போங்க, தப்பே இல்ல. என் மேஜை எப்பவும் அலங்கோலமாதான் கிடக்கும், அதுல நான் சக்தியை செலவு பண்றதில்ல.

ஆரம்பத்துல ஜோரா இருக்கேன், மூணு வாரத்துல விட்டுடறேன். ஏன்?

21 நாள்ல பழக்கம் வந்துடும்னு யாரோ சொன்னதை நம்பியிருப்பீங்க. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல ஃபிலிப்பா லாலியும் கூட இருந்தவங்களும் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து பாத்தாங்க, ஒரு சின்ன செயல் யோசிக்காமலே வர்ற அளவுக்குப் பழக சராசரியா 66 நாள் ஆச்சு, ஆளுக்கு ஆள் வித்தியாசம் 18 நாள்லேர்ந்து 254 நாள் வரைக்கும் போகும்னு கணக்குப் போட்டாங்க. 254 நாள்! அப்போ மூணு வாரத்துல வரலைன்னா உங்ககிட்ட குறைன்னு அர்த்தம் இல்ல, இன்னும் நாள் ஆகலைன்னு அர்த்தம். அதே ஆய்வுல இன்னொண்ணும் தெரிஞ்சுது, நடுவுல ஒரு நாள் விட்டுப் போனா பழக்கம் உருவாகுறதுல பெருசா பாதிப்பு இல்ல. இதை ஆரம்ப சூரங்க எல்லாரும் எழுதி சுவத்துல ஒட்டிக்கணும்.

தரம் எப்படி இறங்குது? நல்லா இருந்தவங்க திடீர்னு மோசமாயிடுறாங்களே?

திடீர்னு யாரும் மோசமாகுறதில்ல, இதைப் பத்தி நான் கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், ஏன்னா இந்த மொத்த பக்கத்துலயும் இதுதான் முக்கியம்னு எனக்குத் தோணுது.

1986 ஜனவரி 28ஆம் தேதி அமெரிக்க விண்வெளி அமைப்பு நாசாவோட சேலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 வினாடியில உடைஞ்சு சிதறி 7 பேர் செத்துப் போனாங்க. பக்கத்துல இருக்குற ராக்கெட்டோட மூட்டுல வாயு கசியாம தடுக்குற ரப்பர் வளையம் குளிர்ல சரியா வேலை செய்யாததுதான் காரணம். ஆனா அந்த வளையத்துல பிரச்சனை அன்னிக்கு முதல் தடவை வரல. முன்னாடி போன பயணங்கள்லயே வளையம் அரிச்சிருக்குறதைப் பாத்திருக்காங்க. வடிவமைப்புப்படி அது அரிக்கவே கூடாது. ஆனா முதல் தடவை அரிச்சப்ப ஒண்ணும் ஆகல, கலம் பத்திரமா திரும்பி வந்துடுச்சு, சரி கொஞ்சம் அரிச்சா பரவாயில்லன்னு ஆச்சு. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் அதிகமா அரிச்சுது, அப்பவும் திரும்பி வந்துடுச்சு, அதுவும் பரவாயில்லன்னு ஆச்சு. கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி சில இன்ஜினியர்கள் குளிர் ஜாஸ்தியா இருக்கு வேணாம்னு சொல்லியும் எடுபடல. டயான் வான்னு ஒரு சமூகவியல் அறிஞர் இதை வருஷக்கணக்கா ஆராய்ஞ்சு, அங்க யாரும் வேணும்னே விதியை மீறின கெட்டவங்க இல்ல, விலகல் கொஞ்சம் கொஞ்சமா வழக்கமாவே மாறிப் போச்சுன்னு எழுதினாங்க.

நம்ம வாழ்க்கையிலயும் அப்படியே இதேதான் நடக்குது. ஒரு தடவை செக் பண்ணாம அனுப்புறோம், ஒண்ணும் ஆகல. அந்த "ஒண்ணும் ஆகல"ங்கறதுதான் விஷம். தப்பு பண்ணி அடி வாங்கினா அன்னிக்கே திருந்திடுவோம், தப்பு பண்ணி தப்பிச்சுட்டா அது பாடமா மனசுல தங்கிடுது, இவ்ளோ செஞ்சா போதும்னு.

எனக்கு நடந்தது: ஒரு உடல்நலப் புத்தகம், கடைசி இருபது பக்கம், ராத்திரி ரொம்ப நேரம் ஆயிடுச்சு, இந்த எழுத்தாளர் எப்பவும் சுத்தமாதான் குடுப்பாருன்னு மேலோட்டமா பாத்துட்டு கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு புக்ல இதே மாதிரி பண்ணி ஒண்ணும் ஆகலை, அதனாலதான் அந்த தைரியம். அந்த இருபது பக்கத்துல ஒரு மருந்து அளவுல புள்ளி ஒரு இடம் தள்ளி விழுந்திருந்துச்சு. அச்சு ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வேற ஒருத்தர் தற்செயலா பாத்து நிறுத்தினாரு, யாருக்கும் எதுவும் ஆகல. ஆனா அந்த வாரம் முழுக்க நான் தூங்கல. அன்னிலேர்ந்து என் விதி அந்த மேல சொன்ன ஒரே வாக்கியம்தான், படிக்காத பக்கத்துல கையெழுத்து இல்ல.

அதனால உங்ககிட்ட கேக்குறது, மாசத்துக்கு ஒரு தடவை உக்காந்து "போன வருஷம் நான் ஒத்துக்காத எதை இப்போ சாதாரணமா பண்ணிட்டு இருக்கேன்"னு ஒரு கேள்வி கேளுங்க. பதில் வர கொஞ்சம் நேரமாகும், கட்டாயம் வரும்.

தவறிட்டேன். இப்போ என்ன?

அன்னிக்கே எழுந்திரிங்க. டயட் இருக்கறவங்களை வச்சு பண்ண ஆய்வுகள்ல ஒரு விஷயம் தெளிவா தெரிஞ்சுது, கொஞ்சம் மீறிட்டா அதோட நிக்கிறதில்ல, "இன்னிக்கு போச்சு, இனிமே என்ன"ன்னு அளவுக்கு மேல சாப்பிடுறாங்க. நஷ்டம் அந்த முதல் மீறல்ல ரொம்ப கம்மி, அதுக்கப்புறம் வர்ற "போனா போகட்டும்"லதான் எல்லாம் போகுது. முழம் சறுக்கினதுக்காக ஏறின மரத்தையே விட்டு இறங்கிப் போற கதை.

தன்னைத் தானே திட்டிக்கிட்டா திருந்திடலாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, நானும் நினைச்சேன். 2012ல ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென்னு ரெண்டு பேர் வெளியிட்ட ஆய்வுல, தப்பு பண்ணினப்புறம் தன்மேல கொஞ்சம் கருணையோட யோசிக்க வச்சவங்கதான் சரி பண்ணணும்ங்கற உந்துதலை அதிகமா காமிச்சாங்க, சரியா எழுதாத பரிட்சைக்கு மறுபடி படிக்க அதிக நேரம் செலவழிச்சாங்க. கருணைன்னா சாக்கு சொல்றது இல்ல. "ஆமா நான்தான் பண்ணேன், இப்போ எதை சரி பண்ண முடியும்"னு கேக்குறது. யாருக்கு பாதிப்போ அவங்ககிட்ட நேரா சொல்லிடுங்க, சுத்தி வளைக்காம, காரணம் அடுக்காம.

மன உறுதி இருந்தா போதாதா? செக்லிஸ்ட் எல்லாம் எதுக்கு?

மன உறுதி சாயங்காலம் ஆனா தேஞ்சு போயிடும்ங்க, என் அனுபவம் அது. 1935ல போயிங் 299னு ஒரு புது விமானம் சோதனையில கிளம்பின உடனே விழுந்துடுச்சு. ஓட்டினவர் கத்துக்குட்டி இல்ல, ரொம்ப அனுபவசாலி, வால் பகுதியைப் பிடிச்சு வைக்கிற ஒரு பூட்டை எடுத்து விட மறந்துட்டாங்க, அவ்ளோதான். அதுக்கப்புறம்தான் விமானம் கிளப்புறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியதை அட்டையில எழுதி வைக்கிற வழக்கம் நிலைச்சுது.

இதே யோசனையை உலக சுகாதார நிறுவனம் 2008ல ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டு வந்துச்சு, மொத்தம் 19 விஷயம். எட்டு நகரத்துல எட்டு ஆஸ்பத்திரியில சோதிச்சுப் பாத்ததுல சாவு விகிதம் 1.5 சதவீதத்துலேர்ந்து 0.8 சதவீதமா குறைஞ்சுதுன்னு 2009ல வெளியாச்சு. ஆனா கதை அங்க முடியல, 2014ல கனடாவோட ஒன்டாரியோ மாகாணத்துல 101 ஆஸ்பத்திரியில பாத்தப்ப சொல்லிக்கிற மாதிரி மாற்றம் எதுவும் தெரியல. ஏன்னு நிறைய விவாதம் ஓடுச்சு, என் அபிப்ராயம் என்னன்னா மேலேர்ந்து உத்தரவு வந்துச்சுன்னு டிக் அடிக்கிறதுக்கும், ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிதானமா கேக்குறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனால லிஸ்ட் போடுங்க, சின்னதா போடுங்க, நீங்களே போடுங்க, ஏற்கனவே நீங்க சறுக்கின இடங்களை மட்டும் அதுல எழுதுங்க. என்னோடதுல ஆறு வரிதான் இருக்கு, முதல் வரி "எண்கள்".

நம்ம குறை நமக்கே தெரியாதே, யார் சொல்லுவாங்க?

அதுக்கு வழி பண்ணி வச்சுக்கணும், தானா யாரும் வந்து சொல்ல மாட்டாங்க. டொனால்ட் க்னூத்னு ஒரு கம்ப்யூட்டர் அறிஞர், தன் புத்தகத்துல தப்பு கண்டுபிடிச்சுக் குடுக்கறவங்களுக்கு தப்பு ஒண்ணுக்கு 2.56 டாலர் செக் 2008 வரைக்கும் அனுப்பிட்டு இருந்தாரு. காசு சின்னதுதான், ஆனா அந்த செக்கை மாத்தாம ஃப்ரேம் போட்டு மாட்டி வச்சவங்க நிறைய பேர். ஒரு பிழை திருத்துறவனா எனக்கு இதைப் படிச்சப்ப கண்ணு கலங்கிடுச்சு, தப்பைக் காட்டுறவனை இப்படி மரியாதை பண்ண முடியும்னு நான் நினைச்சதே இல்ல.

டார்வின் இன்னொரு வழி வச்சிருந்தாரு. தன் கருத்துக்கு எதிரா ஒரு தகவலோ யோசனையோ கண்ணுல பட்டா உடனே எழுதி வச்சிடுவாரு, ஏன்னா சாதகமானதை விட அந்த மாதிரி விஷயம்தான் சீக்கிரம் மறந்து போகுதுன்னு கவனிச்சிருந்தாரு. உங்களைப் பத்தி யாராவது குறை சொன்னா கோவம் வர்றதுக்கு முன்னாடி அவங்க சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிடுங்க, ரெண்டு நாள் கழிச்சுப் படிங்க. முதல்ல அபாண்டமா தெரிஞ்சதுல பாதி உண்மையா இருக்கும்.

வேலை இடத்துல "சீக்கிரம் முடி, அவ்ளோ பாக்க வேணாம்"ங்கறாங்க. என்ன பண்றது?

சண்டை போட வேணாம், பொய்யும் சொல்ல வேணாம். "இந்த நேரத்துல இவ்ளோதான் முடியும், இதைப் பாத்தேன், இதைப் பாக்கல"ன்னு எழுத்துல குடுத்துடுங்க. குறைஞ்ச நேரத்துல குறைஞ்ச வேலை செய்யுறது தரக்குறைவு இல்ல, செய்யாததை செஞ்சதா காமிக்கிறதுதான் தரக்குறைவு. அதையும் எழுதக் கூடாதுன்னு சொல்ற இடமா இருந்தா, மெதுவா வேற இடம் தேட ஆரம்பிங்க, அந்த இடத்துல வருஷக்கணக்கா இருந்து மாறாம இருந்தவங்களை நான் ரொம்ப கொஞ்சமாதான் பாத்திருக்கேன்.

என் தரத்துக்கு வீட்டுல இருக்கறவங்க, கூட வேலை செய்யறவங்க வரலையே?

அது அவங்க விஷயம். பிள்ளைங்களுக்கு ஊட்டுற மாதிரி ஊட்ட முடியாது. ஒண்ணு மட்டும் சொல்றேன், நீங்க தவறினப்ப அதை அவங்க முன்னாடி ஒத்துக்கிட்டு சரி பண்றதை அவங்க பாத்தா, நூறு தடவை சொல்றதை விட அது உள்ள போகும்.

ஓய்வு எடுத்தா தரம் குறைஞ்சிடாதா?

1993ல ஆண்டர்ஸ் எரிக்சனும் கூட இருந்தவங்களும் பெர்லின்ல வயலின் மாணவர்களைப் பத்தி வெளியிட்ட ஆய்வு "நிறைய பயிற்சி"ங்கற ஒத்தை வார்த்தையா சுருங்கிப் போச்சு. அதுல நல்லா வாசிக்கிறவங்க மத்தவங்களை விட அதிகமா தூங்கினாங்க, பகல்லயும் ஒரு குட்டித் தூக்கம் போட்டாங்கங்கறதை யாரும் சொல்றதில்ல. முழு கவனத்தோட பண்ற பயிற்சியை ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல பெரும்பாலானவங்களால தாக்குப் பிடிக்க முடியலன்னும் எழுதியிருக்காங்க. ஆயுசு முழுக்க ஓடணும்னா தூக்கமும் உங்க தரத்துல ஒரு பங்கு.

வயசாகிட்டே போகுது, முன்ன மாதிரி முடியல. தரத்தைக் குறைச்சுக்கணுமா?

அளவைக் குறைங்க, தரத்தை விடாதீங்க. ஆர்தர் ரூபின்ஸ்டைன்னு பெரிய பியானோ கலைஞர், 1976ல தன்னோட 89 வயசுல கடைசி கச்சேரி பண்ணாரு. வயசான காலத்துல எப்படி சமாளிச்சாருன்னு ஜெர்மன் உளவியல் அறிஞர் பால் பால்டஸ் எடுத்துக் காட்டுவாரு: வாசிக்கிற உருப்படிகளைக் குறைச்சுக்கிட்டாரு, எடுத்துக்கிட்டதை முன்னைவிட அதிகமா பயிற்சி பண்ணாரு, வேகமான பகுதி வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் மெதுவா வாசிச்சாரு, அப்போ அந்த வேகம் கேக்கறவங்களுக்கு வேகமாவே தெரியும். இதுல ஏமாத்து எதுவும் இல்ல, கைக்கு எவ்ளோ முடியும்னு தெரிஞ்சு கலையைக் காப்பாத்துறது. செல்லோன்னு பெரிய வயலின் மாதிரி ஒரு வாத்தியம் வாசிச்ச பாப்லோ காசல்ஸ், 13 வயசுல பழைய இசை மேதை பாஹோட செல்லோ இசைத் தொகுப்பைக் கண்டெடுத்து ஒரு 12 வருஷம் தனியா பயிற்சி பண்ணி அப்புறம்தான் மேடையில வாசிச்சாரு, அதை முழுசா ரெக்கார்ட் பண்ணப்ப அவருக்கு வயசு அறுபதைத் தொட்டாச்சு. அவசரமே இல்லாத மனுஷங்க.

எனக்கு இந்த வேலையைச் சொல்லிக் குடுத்தவருக்கு கடைசி காலத்துல கண்ணு மங்கிடுச்சு. பெரிய புக் எடுக்குறதை நிறுத்திட்டு சின்னது மட்டும் எடுத்தாரு, அப்புறம் பகல் வெளிச்சத்துல மட்டும் படிச்சாரு. கடைசியா அவர்கிட்டேர்ந்து வந்த கட்டுல 64ஆம் பக்கத்துக்கு நடுவுல பென்சில்ல ஒரு கோடு இழுத்து, பக்கத்துல "தம்பி, இதுவரை படிச்சேன்"னு எழுதி கையெழுத்துப் போட்டிருந்தாரு. கோட்டுக்கு மேல ஒரு பிழை கூட மிச்சம் இல்ல. 65லேர்ந்து நான் படிச்சு முடிச்சேன்.